பெய்ஜிங்கில் வழி கேட்பது

பெய்ஜிங் மாநகரத்து வீதியொன்றில் திகைத்து நிற்கும் யாத்ரிகர், எதிரே வருபவரிடம் 'சிங் வென்' என்று மரியாதையாகத் தொடங்கி, போகவேண்டிய இடத்தின் பெயரைச் சொல்லி, 'ட்ஸென்ம ட்ஸோ', அதாவது 'எப்படிப் போவது' என்று முடிப்பாராகில், கேள்வி இலக்கண சுத்தமாகவே அமைந்துவிடும்; சங்கடம் விடை வரும்போதுதான் ஆரம்பமாகிறது. அந்நகரத்துப் பழைய வாசிகள் இடப்பக்கம், வலப்பக்கம் என்பதைக் காட்டிலும், வடக்கே நடங்கள், பிறகு கிழக்கே திரும்புங்கள் என்று திக்குகளைக் கொண்டே வழி சொல்லும் வழக்கமுடையவர்கள்.

இதற்குக் காரணம் நகரத்தின் நிர்மாணமே. தெற்கே யோங்திங் வாயிலிலிருந்து வடக்கே முரசுக் கோபுரம், மணிக் கோபுரம் வரை 7.8 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மத்திய ரேகையை வகுத்து, அதன்மீது அரண்மனையை ஸ்தாபித்து, பிரதான வீதிகளைச் சதுரங்கப் பலகையின் கட்டங்கள்போல் நான்கு திக்குகளுக்கும் இணங்க இழுத்துவிட்டபடியால், சூரியன் நிற்கும் இடத்தைக் கண்டவருக்குப் பாதி வழி தெரிந்தாற்போலத்தான். மேகம் மூடிய நாட்களைப்பற்றி நான் பேசவில்லை! அந்த ரேகையை யுனெஸ்கோ ஸ்தாபனம் 2024-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது.

இன்னொரு விநோதமும் உண்டு. சாவ்யாங் வாயிலுக்கு உட்புற வீதி, வெளிப்புற வீதி என்று இரண்டு வீதிகள் இருக்கின்றன, வாயில்தான் இல்லை. அந்த வாயில் அமைந்திருந்த நகரக் கோட்டை மதிலின் பெரும்பகுதி சென்ற நூற்றாண்டின் மத்தியில் இடிக்கப்பட்டு, அதன் தடத்தில் இன்று இரண்டாம் வட்டச்சாலை செல்கிறது. ஆகையால் வாயில்களின் பெயர்களை நம்பாமல், அங்கே போகிறவர்கள் துங், நான், ஷீ, பெய் என்று கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு ஆகியவற்றைச் சீனர்கள் சொல்லும் கிரமத்திலேயே மனனம் செய்துகொண்டு புறப்படுவது உசிதம்.