பட்டியலுக்கு முந்தும் போதை

இன்று மருந்தியல் பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

வாழ்த்துச் சொல்லிவிட்டு அமர எனக்கு மனமில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் 'செடியிலிருந்து எடுத்தது, சட்டப்படி செல்லும்' என்று சொல்லி வேப் (மின்சிகரெட்) கருவிகளில் அடைத்து விற்ற பாதிச் செயற்கைக் கஞ்சாச் சேர்மங்களைப் பற்றி உங்களிடம்தான் பேச வேண்டும்.

அவற்றில் ஒன்றான எச்எச்சியைப் பாருங்கள். கஞ்சாச் செடியிலுள்ள, போதை தராத சிபிடியை அமிலத்தால் போதை தரும் டிஎச்சி ஆக்கி, வினையூக்கி வைத்து ஹைட்ரஜன் ஏற்றினால் அது கிடைக்கிறது. அதிலுள்ள இரண்டு மாற்றியங்களில் ஒன்று மூளையின் ஏற்பிகளை வலுவாகப் பற்றும். மற்றது அவ்வளவாகப் பற்றாது. இரண்டின் விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். எஞ்சிய அமிலமும் உலோகமும் நீங்கினவா என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. ஒரு மாத்திரை கடைக்கு வருமுன் எத்தனை சோதனைகளைத் தாண்ட வேண்டும் என்று நான்கு ஆண்டுகள் படித்தவர்கள் நீங்கள். உங்களுக்கே இதன் ஆபத்து முதலில் உறைக்க வேண்டும்.

உள்ளே இருப்பது தெரியாமல் பிடித்தால் என்ன ஆகும்? 2019-இல் அமெரிக்காவில் வேப் பிடித்த இளைஞர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைகளில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள். 68 பேர் இறந்தார்கள். பலர் பிடித்தது கள்ளச்சந்தை டிஎச்சி. அதில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. களிம்பாகத் தடவினாலும் மாத்திரையாக விழுங்கினாலும் பொதுவாகத் தீங்கு செய்யாத பொருள் அது! எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்பதைக் கேட்காமல் எதையும் பாதுகாப்பானது என்று சொல்லாதீர்கள். இதே பாதிச் செயற்கை வகையைச் சேர்ந்த டிஎச்சி-ஓ அசிடேட்டைச் சூடாக்கினால் நுரையீரலை அரிக்கும் கீட்டீன் வாயு உருவாவதையும் ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள்.

சட்டமோ இந்தச் சேர்மங்களுக்குப் பின்னால் ஓடி வருகிறது. 2022-இல் ஜப்பான் எச்எச்சியைத் தடை செய்தது. மூலக்கூறைச் சற்றே மாற்றி எச்எச்சிஎச் வந்தது. 2023 நவம்பரில் டோக்கியோவில் பூங்கா விழா ஒன்றில் அதை மிட்டாயாகத் தின்றவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். டிசம்பரில் அதற்கும் தடை. இடைப்பட்ட மாதங்களில் வாடிக்கையாளரே சோதனை எலி. 2025 மார்ச்சில் எச்எச்சி ஐ.நா.வின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது.

நம் இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேப் விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளே டிஎச்சி இருந்தால் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் பாயும். 'எனக்குத் தெரியாது' என்பதை அங்கே குற்றம் சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். வெளிநாட்டுக் கடையில் ரசீதோடு வாங்கியது இங்குள்ள விமான நிலையத்தில் உங்களைக் காப்பாற்றாது.

நண்பர் ஒருவர் இத்தகைய வேப்பைப் பிடித்துவிட்டு நெஞ்சு படபடக்க வந்தால் திட்டாதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எதைப் பிடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது. அதையும் அவரிடம் சொல்லுங்கள்.