‘அந்த அம்மா கொடுத்த பாஸ்புக்’

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, ஒரகடம் கம்பெனிகளில் ஷிப்ட் முடித்து நேராக இங்கே வந்திருக்கும் தம்பிகளே!

மர்ஹூம் என் அத்தா சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். தன் வங்கிப் பாஸ்புக்கை ‘அந்த அம்மா கொடுத்தது’ என்றே கடைசிவரை சொல்வார்கள். அந்த அம்மா, இந்திரா காந்தி. 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகளை அவர் நாட்டுடைமை ஆக்கினார். அப்போது நாடு முழுவதும் சுமார் 8,000 வங்கிக் கிளைகள். 1990ல் ஏறத்தாழ 60,000. அத்தா போன்றவர்கள் வங்கிப் படி ஏறியது அதன் பிறகுதான். 1971ல் ‘வறுமையே வெளியேறு’ என்ற முழக்கத்தோடு வந்தவருக்கு மக்கள் 352 இடங்களை அள்ளிக் கொடுத்தார்கள்.

கட்சிப் பெரியவர்களைத் தாண்டி நேரே மக்களிடம் பேசியதுதான் அவருடைய பலம். ஆபத்தும் அதிலேயே இருந்தது. அதிகாரம் ஒரே கையில் சேர்ந்தபோது, ‘இது தவறு’ என்று சொல்ல அருகில் ஆள் இல்லை.

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றம் அவருடைய தேர்தல் வெற்றி செல்லாது என்றது. ஜூன் 25 இரவே நெருக்கடி நிலை வந்தது. 21 மாதங்கள்! பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்த்தவர்களுக்கு மிசாவில் சிறை. 1976 ஜனவரி 31 அன்று நம் மாநில ஆட்சியே கலைக்கப்பட்டது. ஏப்ரலில் டெல்லி துர்க்மான் கேட்டில் ஏழை முஸ்லிம்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. எதிர்த்து நின்றவர்கள் மீது போலீஸ் சுட்டது. வெளியேறியது வறுமையல்ல, ஏழைகள்.

1977ல் மக்கள் பதில் சொன்னார்கள். உத்தரப்பிரதேசத்தின் 85 தொகுதிகளில் அவர் கட்சிக்கு ஒன்றுகூட இல்லை; ரேபரேலியில் அவரே தோற்றார். அதே மக்கள் 1980ல் திரும்பவும் அழைத்தார்கள். சிறுபான்மையினருக்கான 15 அம்சத் திட்டம் 1983ல் அவர் ஆட்சியில்தான் வந்தது. 1984 அக்டோபர் 31 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

நல்லதையும் சொல்ல வேண்டும், அநியாயத்தையும் சொல்ல வேண்டும். கலீஃபாவாகப் பொறுப்பேற்ற அன்றே ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள், நான் தவறினால் என்னைத் திருத்துங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டார்கள் அல்லவா?

அத்தாவின் பாஸ்புக் யாரும் கொடுத்த பரிசல்ல, அவர்களுடைய உரிமை. பரிசு என்று வாங்கியவர் கேள்வி கேட்கக் கூசுவார். நம் அறக்கட்டளைக்கும் இதே அளவுகோல்தான். கல்வி உதவி வாங்க வந்த ஒரு தாய் என்னிடம், “எல்லாம் உங்க தயவு பாய்” என்றார். தயவல்ல தாயே, ஜகாத் ஏழையின் ஹக். எங்களிடமும் கணக்குக் கேளுங்கள்.

கேள்வி கேட்க முதல் கருவி வாக்கு. வாடகை வீடு மாறிய பிள்ளைகள் பலருக்குப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றே தெரியவில்லை. வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு வாக்காளர் அட்டையோடு அலுவலகம் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து சரிபார்ப்போம்.

வஸ்ஸலாம்.