துவர்ப்பும் ஒரு சுவைதான்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழிலில் கற்ற பாடம்" என்று பேசச் சொன்னார்கள். வெற்றிக் கதைகளைச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அடித்த ஒரு கூத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மெக்கானிக்கல் முடித்துவிட்டு, பாட்டில் நிரப்பும் இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்தேன். 2019 ஏப்ரலில் இத்தாலிக்கு அனுப்பினார்கள். பிளாரன்ஸுக்கும் சியன்னாவுக்கும் இடையில் உள்ள கியாந்தி குன்றுகள். 1716-லேயே அரசாணை போட்டு எல்லை வகுத்த ஒயின் பூமி அது! அங்கே தயாராகும் 'கியாந்தி கிளாசிகோ' சிவப்பு ஒயினில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சொவேசே என்ற திராட்சை இருக்கவேண்டும். பாட்டில் கழுத்தில் கருஞ்சேவல் முத்திரை. நான் போனது இயற்கை விவசாயத் தோட்டம்.

மூன்றாம் நாள். குழாய்களைக் காரக் கரைசலால் கழுவி, நீர் விட்டு அலசி, லைனை ஓட்டினோம். நிலவறை மேஸ்திரி முதல் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். அதற்கு முன் நான் ஒயினைத் தொட்டதே இல்லை. ஒரு வாய்தான்! கடுக்காயைக் கடித்த மாதிரி நாக்கெல்லாம் இழுத்துக்கொண்டது. காரம் குழாயில் தங்கிவிட்டது, ஊர் பேரையே கெடுத்துவிட்டோம் என்று பயந்து, "நிறுத்துங்க!" என்று கத்தினேன். எல்லோரும் கைகட்டி நின்றார்கள். அலசிய நீரைச் சோதித்தால் சுத்தமாக இருந்தது. அரை நாள் போச்சு.

மேஸ்திரி திட்டவில்லை. மதியம் பக்கத்தில் உட்கார வைத்து, அதே பாட்டிலைத் திறந்தார். கரி நெருப்பில் வாட்டிய தடிமனான மாட்டிறைச்சி, ஆலிவ் எண்ணெய், உப்பு. ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு ஒரு வாய் குடித்தேன். துவர்ப்பைக் காணோம்!

அவர் விளக்கினார். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின், நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் வாய் வறள்கிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் வந்தால் டானின் அந்தப் பக்கம் போய்விடும். முற்றிய ஆட்டுப்பால் சீஸும் அப்படியே. தக்காளியில் ரொட்டி ஊறிய அவர்கள் ஊர்க் கூழுக்கும் இது பொருந்தியது. ஒயினின் புளிப்பு தக்காளிப் புளிப்புக்கு ஈடு கொடுக்கிறது. அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாயை நான் தொட்டுப் பார்த்தேன். வாயில் தீ! மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் கூட்டிவிட்டது. மேஸ்திரியும் ஆசைப்பட்டு ருசித்துவிட்டு ரொட்டியைத் தேடினார்.

"இயற்கை முறை என்கிறீர்கள், அப்புறம் கந்தகம் எதற்கு?" என்று கேட்டேன். செயற்கைப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி கூடாது; செம்பும் கந்தகமும் அளவோடு உண்டு என்றார். 2012 அறுவடையிலிருந்துதான் ஐரோப்பாவில் 'இயற்கை ஒயின்' என்றே லேபிளில் போட அனுமதி. அதற்கு முன் 'இயற்கைத் திராட்சையில் செய்தது' என்றுதான் போடலாம். இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் சல்பைட் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை. சாதாரண ஒயினில் 150. அதற்காக ஆல்கஹால் குறைந்துவிடாது. 12 சதவீதத்துக்குக் குறையாமல் அதிலும் உண்டு. இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அரை நாள் நஷ்டத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "சந்தேகம் வந்ததும் நிறுத்தினாயே, அது தப்பில்லை. காரணம் கேட்காமல் ஊருக்குப் போயிருந்தால்தான் தப்பு" என்றார்.

அறுசுவையில் துவர்ப்பும் ஒன்று என்று சிறு வயதிலேயே படித்தவன் நான். இருந்தும் அதைப் பழுது என்று நினைத்தேன். மாணவ நண்பர்களே, எந்தப் பாகத்தையும் தனியே கழற்றி வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எதனோடு சேர்ந்து வேலை செய்ய அது உண்டானதோ, அதனோடு வைத்துப் பாருங்கள். புரியாவிட்டால் லைனை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு, அங்கேயே வேலை பார்த்துப் பழுத்தவரிடம் கேளுங்கள்.