அரங்கம் இல்லன்னு ஒரு கடிதம் வந்தப்போ

போன எபிசோடுக்கு அப்புறம் எண்ணூர்லேருந்து ஒரு நண்பர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு. "ப்ரோ, ஒரு எழுத்தாளர் நேர்ல வந்து பேசுறதக் கேக்கணும்னா எப்பவும் நாமதான் அந்தப் பக்கம் போகணுமா? அவங்க இந்தப் பக்கம் வரமாட்டாங்களா?" நியாயமான கேள்வி. நான் மணலி. எனக்கும் அதே ஊர்தான், அதே பஸ்தான், அதே டிராஃபிக்தான்.

இதுக்கு நேரா பதில் சொல்லாம, சென்னைல ஒரு அரங்கம் கிடைக்காமப் போன கதையச் சொல்றேன். கிடைக்காமப் போனது நம்மள மாதிரி ஆளுக்கு இல்ல. டி.எம். கிருஷ்ணாவுக்கு.

2020 பிப்ரவரி 2. அவர் எழுதின 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகத்தோட வெளியீடு. மிருதங்கம் செய்யுறவங்களோட வரலாறு அது. கதை கிடையாது. ஆட்களத் தேடிப் போய், உக்காந்து கேட்டு, எழுதின புத்தகம். விழா திருவான்மியூர் கலாக்ஷேத்ராவுல நடக்கறதா இருந்துச்சு, ருக்மிணி அரங்கத்துல. அனுமதி கொடுத்தாச்சு, அழைப்பும் போயாச்சு. விழாவுக்குச் சில நாள் இருக்கறப்போ கடிதம் வருது: அனுமதி வாபஸ்.

காரணம் என்னன்னா, புத்தகத்தோட ஒரு பகுதி பத்திரிகைல வந்திருந்துச்சு. அதப் பாத்ததும் அவங்களுக்கு இது சர்ச்சையான விஷயம், அரசியல் வாடை இருக்குன்னு தெரியவந்துச்சாம். கலாக்ஷேத்ரா மத்திய கலாச்சார அமைச்சகத்துக்குக் கீழ வர்ற நிறுவனம். அதனால அரசியல், சமூகப் பிணக்கை உண்டாக்குற நிகழ்ச்சிக்கு இடம் தர முடியாதுன்னு கடிதத்தோட சாரம்.

அப்படி என்னதான்யா இருக்கு அந்தப் புத்தகத்துல?

மிருதங்கம்னா முதல்ல பலாமரக் கட்டை. அப்புறம் தோல். பசு, ஆடு, எருமை, மூணும் வேணும். மேடைல வாசிக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க பிராமணர்கள். தோலப் பாத்து வாங்கி, சுத்தம் பண்ணி, வெட்டி, வார் புடிச்சு இழுத்துக் கட்டுறவங்கள்ல பெரும்பாலானவங்க தலித் கிறிஸ்தவர்கள். பசுவக் கும்பிடுற கையும், பசுத்தோல்லேருந்து நாதம் எடுக்கற கையும் ஒரே கைதான். நடுவுல இன்னொரு ஆளோட கை இருக்கு, அதப் பத்தி யாரும் பேசறதில்ல. கிருஷ்ணா பேசினாரு. அவ்வளவுதான் சர்ச்சை.

தலைப்புல வர்ற செபாஸ்டியன் தஞ்சாவூர்க்காரர். அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையா இந்த வேலைல இருக்கு. பாலக்காடு மணி ஐயர் பேர கர்நாடக இசை பக்கம் போகாதவங்க கூட கேள்விப்பட்டிருப்பீங்க. அவருக்கு மிருதங்கம் செஞ்சு கொடுத்தவர் பேரு பர்லாந்து. இந்த ரெண்டாவது பேர நம்மள்ல எத்தன பேர் கேட்டிருப்போம்?

இங்க ஒரு நிமிஷம் எஞ்சினியரா பேசிக்கிறேன், பொறுத்துக்கோங்க. சாதாரணமா ஒரு டிரம்ம அடிச்சா வர்ற சத்தத்துல சுருதி தெளிவா நிக்காது. வட்டமான தோல் அதிர்றப்போ வர்ற மேல் அதிர்வெண்கள் அடிப்படை அதிர்வெண்ணோட முழு மடங்குகளா இருக்காது, தாறுமாறா இருக்கும். மிருதங்கத்தோட வலந்தலைல நடுவுல கறுப்பா ஒரு வட்டம் பாத்திருப்பீங்க. கல்லுப் பொடியையும் சோத்தையும் கலந்து, அடுக்கடுக்கா பூசித் தேய்க்கறது. அந்த எடை சரியான இடத்துல, சரியான கனத்துல உக்காந்ததும் அந்த அதிர்வெண்கள் ஒழுங்குக்கு வந்துடுது, மடங்கு மடங்கா. அதனாலதான் மிருதங்கத்துக்குச் சுருதி சேக்க முடியுது. இத ஆராய்ச்சி பண்ணி 1920ல 'நேச்சர்' இதழ்ல எழுதினவர் சி.வி. ராமன், நோபல் வாங்கறதுக்குப் பத்து வருஷம் முன்னாடி.

ராமனுக்கு முன்னாடியே அந்தப் பூச்சு இருந்துச்சு இல்லையா? யாரோ ஒருத்தர் பூசி, தட்டி, காத வெச்சுக் கேட்டு, சுரண்டி, மறுபடி பூசி டியூன் பண்ணியிருக்காங்க. ஆபீஸ்ல நாங்க இதுக்கு 'இட்டரேஷன்'னு பேர் வெச்சு மீட்டிங் போடுவோம். சபாவுல இதுக்குப் பேரு 'ரிப்பேர்'. எனக்குப் புத்தகத்துலயே பெரிய விஷயமா பட்டது இதுதான். செய்யுறவர் வெறும் கூலியாள் இல்ல, நாதத்துல பாதி அவரோட மூளை. அத ஒத்துக்கிட்டா மேடைல அவருக்கும் ஒரு நாற்காலி போடணும். அங்கதான் சிக்கல்.

சரி, விழா என்னாச்சு? நின்னுடல. தரமணில இருக்கற ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இடம் கொடுத்துச்சு. அதே நாள் நடந்துச்சு. ராஜ்மோகன் காந்தியும் தொல். திருமாவளவனும் வந்தாங்க. அமைதியா ஒரு சனிக்கிழம சப்ளிமெண்ட்ல மதிப்புரையா முடிஞ்சிருக்க வேண்டிய புத்தகம், நாடு முழுக்க செய்தி ஆச்சு.

கிருஷ்ணாவுக்கு இது புதுசும் இல்ல. 2018 நவம்பர்ல டெல்லில ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி நடத்தறதா இருந்த கச்சேரி திடீர்னு தள்ளிப்போச்சு. உடனே டெல்லி அரசு கூப்பிட்டு வேற இடத்துல பாட வெச்சுது. அவர் ஒரு பிரபலம், மேக்சேசே விருது வாங்கினவர். ஒரு கதவு சாத்தினா நாலு கதவு தெறக்கும். இதச் சொல்றப்போ அவரக் குறை சொல்லல. ஆனா பர்லாந்து குடும்பத்துல ஒருத்தர் தானே உக்காந்து இதே புத்தகத்த எழுதியிருந்தா? கலாக்ஷேத்ரா அனுமதிய ரத்து பண்ண வேண்டிய அவசியமே வந்திருக்காது. அனுமதி கேக்கற இடத்துக்கே அவர் போயிருக்க மாட்டாரு.

நண்பரோட கேள்விக்கு இப்ப வர்றேன். இதே கிருஷ்ணா நம்ம பக்கம் வந்திருக்காரு. 2017 பொங்கலுக்கு வந்த 'சென்னை புறம்போக்கு பாடல்' ஞாபகம் இருக்கா? கபேர் வாசுகி எழுத்து, ரதீந்திரன் பிரசாத் இயக்கம். பின்னாடி நித்யானந்த் ஜெயராமன் மாதிரி சூழலியல் எழுத்தாளர்கள் இருந்தாங்க. எண்ணூர் கழிமுகத்துலயே நின்னு, முகத்துல மாஸ்க் போட்டுக்கிட்டு பாடினாரு. 'புறம்போக்கு'ன்னா ஊருக்குப் பொதுவான நிலம். அது எப்படி நமக்கு வசவுச் சொல்லா மாறுச்சுங்கறதுதான் பாட்டோட மையம். பட்டா இல்லாத ஆள், பேர் இல்லாத ஆள். மூணு வருஷம் கழிச்சு வந்த மிருதங்கப் புத்தகமும் அதே ஆளப் பத்தினதுதான்னு எனக்குத் தோணும்.

ஆனா பாட்டுக்கு அரங்கம் தேவைப்படல, கழிமுகம் போதும். புத்தகத்தப் பத்தி ரெண்டு மணி நேரம் உக்காந்து பேச ஒரு கூரை, நூறு நாற்காலி, ஒரு நல்ல மைக் வேணும். வட சென்னைல பெரிய கூரைன்னா ரொம்ப காலம் சினிமா தியேட்டர்தான். தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967ல ஆரம்பிச்சது, அதுவும் 2020ல மூடியாச்சு. மிச்சம் கல்யாண மண்டபம். முகூர்த்த நாள்ல அதுவும் கிடைக்காது.

இதுல ஒரு வேடிக்கை. நம்ம தெருவுல தோல் வாத்தியத்துக்குப் பஞ்சமே இல்ல. சாவு வீட்டு வாசல்ல பேப்பரக் கொளுத்தி அனல்ல காட்டி பறைய முறுக்கேத்தறத சின்ன வயசுலேருந்து பாத்து வளந்தவங்க நாம. அதுவும் மாட்டுத்தோல்தான். அந்தத் தோல் பத்தி யாருக்கும் கடிதம் எழுதணும்னு தோணினதில்ல.

புத்தகம் இங்கிலீஷ்ல வந்தப்போ எனக்கு இருந்த பெரிய புகார், இது யாரப் பத்தினதோ அவங்கள்ல எத்தன பேர் படிக்க முடியும்ங்கறது. இப்ப தமிழ்ல 'செபாஸ்டியன் குடும்பக்கலை'ன்னு காலச்சுவடு போட்டிருக்காங்க, அரவிந்தன் மொழிபெயர்ப்பு. மொழி தெரியாத சங்கீதச் சொற்கள் நிறைய வரும், அதுக்காகப் பயந்து வெச்சுடாதீங்க. தோல் தேர்ந்தெடுக்கற பகுதிகள்லேருந்து ஆரம்பிச்சாலே புத்தகம் உங்கள இழுத்துக்கும்.

ராயபுரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கம் பறையோ மேளமோ செய்யுற, வார் கட்டுற யாராவது உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருந்தா, அவங்ககிட்ட கேட்டுட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. மைக்க நானே எடுத்துட்டு வர்றேன். அவங்க வேலை செய்யற இடத்துலயே உக்காந்து ரெக்கார்ட் பண்ணிக்கலாம்.