மெயில் நம் பேரில், சாவி நம் கையில்



எங்கே போனாலும் "மெயில் ஐ.டி. இருக்கா?" என்று கேட்கிறார்கள். நாமும் கடைக்காரரிடம் சொல்லி ஒன்று போட்டுக்கொள்கிறோம். அதோடு மறந்துவிடுகிறோம்.

ஜிமெயில், அவுட்லுக், யாகூ எல்லாம் அமெரிக்கக் கம்பெனிகளுடையவை. கணக்கு தொடங்கக் காசு கிடையாது. விளம்பரத்தில் அவர்களுக்கு வருமானம். கடையில் வாங்கும் பணம் கடைக்காரரின் கூலி மட்டும்தான்.

ஆனால் ஒரு சங்கடம் இருக்கு. பாஸ்புக் தொலைந்தால் பேங்க் மேனேஜரைப் பார்த்துச் சொல்லலாம். மெயில் பூட்டிக்கிட்டா போய்க் கேட்க நம் ஒன்றியத்தில் கிளை இல்லை. அந்தக் கம்பெனிக்கு நம்ம முகம் தெரியாது. பாஸ்வேர்டும் போன் நம்பரும்தான் தெரியும்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு குழுவுக்கு அவசரமாக மெயில் தொடங்கியபோது எங்கள் களப்பணியாளர் நம்பரைக் கொடுத்துவிட்டோம். அவர் வேலை மாறினார், அந்த நம்பரும் போயிற்று. புது போனில் திறக்கப் பார்த்தால், ரகசிய எண் பழைய நம்பருக்கே போகிறது. கண்காட்சியில் கடை போட வந்த அழைப்பு உள்ளேயே கிடந்தது. அவர்கள் செய்து வைத்த ஊறுகாய் தேங்கிவிட்டது. தப்பு எங்களுடையது.

அதனால் சொல்கிறோம்:

• உங்கள் சொந்த நம்பரையே கொடுங்கள். நம்பர் மாறப்போகிறது என்றால் முதலில் மெயிலில் மாற்றுங்கள்.

• ஜிமெயில் பாஸ்வேர்டில் குறைந்தது 8 எழுத்து வேண்டும். பிள்ளை பேர், பிறந்த தேதி வேண்டாம். நோட்டில் எழுதி வீட்டுப் பெட்டியில் வையுங்கள்.

• போனுக்கு வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். நாங்கள் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

• கடைக் கம்ப்யூட்டரில் பார்த்தால், 'வெளியேறு' அழுத்திவிட்டு எழுந்திருங்கள்.

• 2 வருஷம் தொடாமல் விட்டால் ஜிமெயில் கணக்கை அழித்துவிடலாம். மாதம் ஒருமுறை, குழுக் கூட்டத்தன்றே திறந்து பாருங்கள்.

• குழு மெயிலாக இருந்தால், ஊக்குநர், பிரதிநிதிகள் மாறும்போது நம்பரையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மாற்றியதைத் தீர்மான நோட்டில் பதியுங்கள். பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம்.

ஆரம்பத்தில் கையெழுத்துப் போடவே பயந்தோம். இன்று பேங்கில் நாமே பணம் எடுக்கிறோம். இதுவும் அப்படித்தான்.

அடுத்த கூட்டத்துக்குப் போனைக் கொண்டுவாருங்கள். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவோம். அழுத்துகிற விரல் உங்களுடையதாக இருக்கட்டும்.