கூடு விட்டுக் கூடு பாயும் தொலைபேசி

(எமது மன்றத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதைகளைப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஓருடலை விட்டு நீங்கிய உயிர், உயிரற்றுக் கிடக்கும் வேறோர் உடலிற் புகுந்து அதனை எழுந்து நடக்கச் செய்யுமாம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஏறக்குறைய அத்தகையதே. பாய்வது மட்டும் சித்தருடைய உயிரன்று; நமது சட்டைப் பையிற் கிடக்கும் கைத்தொலைபேசி.

மடிக்கணனியைப் போன்ற தோற்றமுடைய ஒரு கூடு. அதற்குத் திரை உண்டு, விசைப்பலகை உண்டு, பற்றரியும் உண்டு. மூளை மட்டும் இல்லை. தொலைபேசியை அதனோடு பொருத்தினால் தொலைபேசியே மூளையாகி, கூடு கணனியாகிவிடும். கழற்றி எடுத்தால் மீண்டும் வெறுங்கூடு. பெரியோர்களுக்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஆனால் நம் ஊர்த் தோட்டங்களில், ஒரே இறைப்பு இயந்திரத்தைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக் கிணறு கிணறாகக் கொண்டு சென்று இறைத்ததை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். கிணற்றுக்கு ஓர் இயந்திரம் வாங்க யாரிடம் பணம் இருந்தது? இதுவும் அதே கணக்குத்தான்.

இக்கணக்கு இன்று நமக்கு ஏன் வேண்டும் என்றால், 2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது பல வீடுகளில் இருந்த ஒரே கணனி தொலைபேசியாகவே இருந்தது. 2022இல் நமது ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னரோ, மடிக்கணனி வாங்கும் எண்ணத்தைப் பல பெற்றோர் கைவிட்டனர். பெருவிரல்கள் இரண்டினாலும் ஆய்வறிக்கை எழுதிய மாணவர்களை நான் அறிவேன். அவர்களுள் நானும் ஒருவன். நான் கற்ற மிஷன் பாடசாலையிற் பத்து விரல்களாலும் தட்டெழுதப் பழக்கினார்கள். அப்பழக்கம் அவ்வேளையில் எதற்கும் உதவவில்லை.

இவ்வெண்ணத்தை முதன்முதற் பெரிய அளவிற் சந்தைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் மோட்டோரோலா கம்பனி. 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் அட்ரிக்ஸ் என்னும் தொலைபேசியையும், அதற்கென லப்டொக் என்னும் கூட்டினையும் வெளியிட்டார்கள். கூட்டின் திரை 11.6 அங்குலம்; நிறை ஏறத்தாழ 2.4 இறாத்தல். திரைக்குப் பின்னாலுள்ள மடிப்பிலே தொலைபேசியை நிறுத்தினால், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட வெப்டொப் என்னும் மென்பொருள் விழித்தெழும், ஃபயர்பொக்ஸ் திறக்கும். கண்காட்சியிற் கண்டோர் வியந்தனர். வாங்கிப் பாவித்தவர்களின் வியப்போ நெடுநாள் நீடிக்கவில்லை.

முதலாவது குறை விலை. கூட்டைத் தனியே வாங்கினால் 500 டொலர். அதே காலத்தில், மூளையும் உள்ளேயே அமைந்த சிறிய மடிக்கணனிகள் 300 டொலருக்குக் கிடைத்தன! உயிருள்ள மாட்டிலும் பார்க்க வைக்கோல் அடைத்த கன்றுக்கு விலை அதிகம் என்றால் எவர் வாங்குவர்? இரண்டாவது, தொலைபேசியின் நினைவகம் ஒரே ஒரு கிகாபைட். அதனைத் தொலைபேசியின் வேலைக்கும் வெப்டொப்பின் வேலைக்கும் பங்கிடவேண்டியிருந்தது. எனவே யாவும் ஊர்ந்தன. 2012ஆம் ஆண்டு அக்டோபரில் மோட்டோரோலா வெப்டொப்பைக் கைவிட்டது.

மூன்றாவது குறையைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். அது பொருத்து. கூட்டின் முதுகிலே இரண்டு முனைகள் நீட்டிக்கொண்டு நின்றன. ஒன்று படத்திற்கு, மற்றையது யூஎஸ்பி. தனித்தனியே அவை உலகம் அறிந்த முனைகளே. ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் அட்ரிக்ஸ் தொலைபேசியின் உடலுக்கென அளந்து வைக்கப்பட்டது. வேறொரு தொலைபேசியை வாங்கியவனுக்கு அக்கூடு உதவாது. குழாயின் வாய் பொருந்தாத இறைப்பு இயந்திரத்தை வைத்துக்கொண்டு கிணற்றடியில் என்ன செய்வது?

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. 2012இல் ராஸ்பெரி பை என்னும் 35 டொலர்ச் சிறு கணனி வந்தது. அதற்குத் திரையுமில்லை, விசைப்பலகையுமில்லை. விலை வீழ்ந்து தேங்கிக் கிடந்த மோட்டோரோலாக் கூடுகளைப் பொழுதுபோக்காகக் கணனி கட்டுவோர் வாங்கி, இடையிலே மாற்றுக் கம்பிகளை இட்டு, ராஸ்பெரி பையை அவற்றோடு இணைத்துக்கொண்டார்கள். உரிய உயிர் கைவிட்ட கூட்டிலே அயலார் உயிர் புகுந்துகொண்டது.

அட்ரிக்ஸுக்குப் பின்னரும் பலர் முயன்றனர். 2015இல் மைக்ரோசொவ்ட் தனது லூமியாத் தொலைபேசிகளைத் திரையோடு இணைக்க வழி செய்தது. அதற்கு வேண்டிய செயலிகள் போதாமையால் அம்முயற்சி ஓய்ந்தது. சாம்சுங் 2017இல் டெக்ஸ் என்னும் வசதியைக் கொணர்ந்தது. அது நிலைத்து நின்றது. நெக்ஸ்டொக் போன்ற பொதுக் கூடுகளும் வந்தன. அத்துடன் 2014இல் வகுக்கப்பட்ட யூஎஸ்பி-சி என்னும் 24 முனைப் பொருத்தானது படம், மின்சாரம், தகவல் மூன்றையும் ஒரே கம்பியிற் செல்ல இடமளித்தது. ஆகவே பொருத்துச் சிக்கல் தீர்ந்தது என நீங்கள் எண்ணலாம். நானும் அவ்வாறே எண்ணி ஏமாந்தேன்.

வெளித்துளை ஒன்றாயிருப்பினும் உள்ளே ஓடும் கம்பிகள் ஒன்றல்ல. மலிவான தொலைபேசிகளிற் பெரும்பாலானவற்றில் அத்துளை மின்னேற்றவும் கோப்புகளை அனுப்பவும் மட்டுமே உதவும். படம் அதன் வழியே வெளிவராது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கப்படும் புதிய தொலைபேசிகளுக்கு யூஎஸ்பி-சியைக் கட்டாயமாக்கியது. ஆயின் அச்சட்டம் பேசுவது மின்னேற்றத்தைப் பற்றியே. கூகிள் தனது பிக்ஸல் 8ஐ 2023இல் விற்றது. படம் வெளியே வரும் வழியை 2024இலேதான் ஒரு மென்பொருள் மாற்றத்தினாற் திறந்துவிட்டது. வழி இருந்தும் கதவு பூட்டியிருந்தது என்பது இதனாற் புலனாகும். மடிக்கணனியும் தொலைபேசியும் வேறு வேறாக வாங்க வல்லவன் கையிலுள்ள தொலைபேசிக்கு இவ்வசதி உண்டு. இரண்டிலொன்றை மாத்திரம் வாங்க வல்லவனுக்கு இல்லை. யாருக்குக் கூடு தேவையோ அவனுக்கே அது கிட்டவில்லை.

கம்பியில்லாமலே படம் அனுப்பலாமே எனச் சிலர் கேட்பர். அனுப்பலாம், ஆனால் விரல் அழுத்திச் சற்று நேரம் கழித்தே எழுத்துத் தோன்றும். பத்து வரி எழுதுவதற்குள் பொறுமை போய்விடும்.

நான் முன்வைக்கும் திருத்தம் வேறு. எவ்வளவு மலிவான தொலைபேசியும் வீடியோ எடுக்கின்றதல்லவா? படத்தைச் சுருக்கும் திறன் அதனுள்ளே ஏற்கெனவே இருக்கின்றது என்பதே அதன் பொருள். அத்திறனைக் கொண்டே தனது திரையைச் சுருக்கிச் சாதாரண யூஎஸ்பிக் கம்பி வழியே அனுப்பட்டும். அதனை விரித்துக் காட்டும் மலிவான சில்லொன்றைக் கூட்டினுள் வைப்போம். இது என் கற்பனையன்று. ஸ்கிரீன்கொப்பி என உச்சரிக்கப்படும் ஓர் இலவச மென்பொருள் 2018 முதல் இவ்வேலையைக் கணனிகளிற் செய்து வருகின்றது. தாமதம் 35 முதல் 70 மில்லிசெக்கன் என்கிறார்கள் அதனை ஆக்கியோர். 2024இல் வந்த அதன் 3.0 பதிப்பு, தொலைபேசியின் சிறு திரையைப் பிரதி செய்வதோடு நில்லாது, வேறொரு பெரிய திரையையும் உள்ளே தோற்றுவிக்கின்றது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நண்பர் ஒருவருடைய மிக மலிவான தொலைபேசியை இவ்வாறு இணைத்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். வேகமாகத் தட்டும்போது தாமதம் தெரிந்தது. ஆனால் எழுத முடிந்தது.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விசிறியில்லாத தொலைபேசி மணிக்கணக்காக உழைத்துக்கொண்டு, கூட்டிலிருந்து மின்னும் ஏற்றிக்கொண்டால் நெற்றியிற் காய்ச்சல் வந்த குழந்தைபோற் சுடும். பற்றரியின் ஆயுளும் குறையும். அது சாய்ந்திருக்கும் இடத்தில் ஓர் அலுமினியத் தகடு போதும். பெரிய செலவன்று.

இறுதியாக, என் சொந்தக் கதை. பழைய கூடொன்றையும், படம் அனுப்ப வல்ல தொலைபேசி ஒன்றையும் இரண்டாங் கையாக வாங்கி ஓராண்டு பாவித்தேன். சென்ற ஆண்டு பேருந்தில் வரும்போது அத்தொலைபேசியைத் தொலைத்துவிட்டேன். குற்றம் என்னுடையதே, பையின் வாயை மூடவில்லை. இரண்டு மாதமாக எழுதிய அறிக்கை அதற்குள் இருந்தது. அறைக்கு வந்து கூட்டைத் திறந்தேன். அதே திரை, தேய்ந்த அதே எழுத்துகள். அழுத்தினேன், கறுப்பு. அந்த அறிக்கையின் ஒவ்வொரு எழுத்தும் அவ்விசைகளின் வழியே சென்றது. ஓரெழுத்தையேனும் அது தனக்கென வைத்துக்கொள்ளவில்லை.

கூட்டைச் செய்வோர் அதனை வெறுங்கூடாகவே வைத்திருப்பதைச் சிறப்பென்கின்றனர். நான் ஒப்பவில்லை. 32 கிகாபைட் நினைவுச் சில்லொன்றை உள்ளே வைத்து, தொலைபேசியைப் பொருத்தும் ஒவ்வொரு முறையும் எழுதியவற்றின் பிரதியைத் தானாக எடுத்துக்கொள்ளுமாறு செய்தல் வேண்டும். விலையில் ஒரு சில டொலரே ஏறும். இப்போது நான் என் கூட்டின் பக்கத் துளையில் நினைவுக்குச்சி ஒன்றைச் சொருகி ஒட்டி வைத்திருக்கிறேன். பிரதி எடுப்பது என் கையால்தான். சில நாள் மறந்தும் போகிறேன்.

அக்கூட்டை இன்று கொண்டுவந்திருக்கிறேன். வாசலண்டை மேசைமேல் இருக்கின்றது. தேநீர் வேளையில் உங்கள் தொலைபேசிகளைக் கொண்டுவந்து சொருகிப் பாருங்கள். எவற்றிலிருந்து படம் வருகின்றது, எவற்றிலிருந்து வரவில்லை என்று ஒரு தாளிற் குறித்து, அதனைக் காரியதரிசி அவர்களிடம் ஒப்படைக்கிறேன்.