வெள்ளையடித்தால் போதுமா?

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வீட்டை விற்க நினைப்பவர்கள் முதலில் கூப்பிடுவது பெயிண்டரைத்தான். கூப்பிடலாம். அதற்கு முன் ஒரு தடவை அண்ணாந்து கூரையைப் பாருங்கள்.

கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டையே பிளந்து தள்ளும். அதன்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் தாங்காது. வீடு பார்க்க வருகிறவரோடு ஒரு கொத்தனாரும் வந்தால் போச்சு. விரலை மடக்கித் தட்டுவார்; 'டொப்'பென்று கேட்டால் விலை அங்கேயே இறங்கும். ஆகவே பொருக்கைத் தட்டி எடுத்து, கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்பு அடித்து, அப்புறம் பூசுங்கள்.

ராயபுரத்துக்காரர்களுக்கு ஓர் ஆறுதல். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது உயர்நீதிமன்ற உத்தரவால் 2011-இல் நின்றது. அங்கிருந்து கரித்தூசு வராது; வெள்ளைச் சுவர் கொஞ்ச நாளாவது வெள்ளையாக இருக்கும். எண்ணூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். கரி அவர்கள் பக்கம்தானே போனது!

அதே 2011-இல்தான் திருவொற்றியூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. நகராட்சிக் காலத்திலிருந்தே சொத்துவரி ரசீதில் இன்னும் தாத்தா பெயர் இருந்தால், வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்றம், பட்டா என்று அலைச்சல் உண்டு. பெயிண்ட் வேலையைவிட இதற்குத்தான் நாள் பிடிக்கும். வில்லங்கச் சான்றையும் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே முதலில் பாருங்கள். என்றோ அடைத்த அடமானக் கடனுக்கு ரசீது ஆவணம் பதியாமல் விட்டிருந்தால் அது அங்கே பல்லிளிக்கும். வாங்குபவரின் வக்கீல் கண்ணில் படுவதற்குள் வங்கிக்குப் போய்ச் சரிசெய்துவிடுங்கள்.